லாலான் காட்டுக் காய்ச்சல்

ஈயத்தால் பேர்பெற்ற கிந்தாப் பள்ளத்தாக்கில், புஜாங் மலாக்கா மலையின் அடிவாரத்தே அமைந்த ஊர் காம்பார். ஈயத்துக்காக நிலம் தோண்டப்பட்டது. ரப்பருக்காகக் காடு அழிக்கப்பட்டது. இவ்விரு தொழில்களும் ஓங்கிய காலத்தில் பேராக் மாநிலமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. காடு வெட்டவும், களை எடுக்கவும், பால்மரம் சீவவும் தமிழ்த் தொழிலாளர் கப்பலேறி வந்தனர். வெட்டிய காட்டிலும் கைவிட்ட நிலத்திலும் விரைந்து மண்டுவது லாலான் புல். அப்புல்லில் எலிகள் குடியேறும். எலிகளோடு சிற்றுண்ணியும் குடியேறும். அவ்வுண்ணி தந்த காய்ச்சலின் வரலாறு, தோட்ட மக்களின் வரலாற்றில் அதிகம் புரட்டப்படாத ஓர் ஏடாகும்.

தோட்டத்தில் காய்ச்சல் என்றால் மலேரியா என்றே முதலில் எண்ணுவர், கொயினா கொடுப்பர். கொயினாவுக்கு அடங்காத காய்ச்சலும் இருந்தது. கடுந்தலைவலி, சிவந்த கண்கள், உடலில் தடிப்பு, பின்னர் பிதற்றல் என அது முற்றும். இரண்டு, மூன்று வாரம் காய்ந்து சிலர் பிழைப்பர், சிலர் மாள்வர். அது யாது நோய்?

விடை தேடியவர்கள் 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினர். 1920-களில் வில்லியம் பிளெச்சர், லெஸ்லார் ஆகியோர் இதனை டைபஸ் இனத்தைச் சேர்ந்த நோயென்று கண்டனர். டைபஸ் நோயாளியின் குருதிநீர், புரோட்டியஸ் என்னும் நுண்ணுயிரைத் திரளச் செய்யும். இச்சோதனைக்கு 'வார்சா' எனப்பட்ட நுண்ணுயிர் வகை பயன்பட்டது. அதே வகையென்று நம்பி, கிங்ஸ்பரி என்பார் இங்கிலாந்திலிருந்து ஒரு வளர்ப்பைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தார். அதுவோ இயல்பு மாறிய வேறொரு வகை. கடைத்தெரு நோயாளிகளின் குருதி வார்சா வகையைத் திரட்டியது. தோட்டத்திலும் புதரிலும் உழைத்தோரின் குருதி கிங்ஸ்பரி வகையைத் திரட்டியது. தற்செயலாய் நேர்ந்த மாற்றம், ஒன்றெனக் கருதிய நோயை இரண்டெனக் காட்டிற்று! நகர டைபஸ் எலித் தெள்ளால் வருவது. புதர் டைபஸ் சிற்றுண்ணியால் வருவது.

ஜப்பானியர் நெடுங்காலமாக அறிந்திருந்த 'சுசுகாமுஷி' நோயும் இப்புதர் டைபஸும் ஒன்றே என்பதைப் பின்னர் லூத்வெய்ட், சாவூர் ஆகிய இருவரும் ஆய்ந்து, 1940-இல் வெளியிட்டனர். மலாய் மொழியில் 'துங்காவ்' எனப்படும் சிற்றுண்ணி தன் வாழ்நாளில் ஒருமுறையே, ஆறுகால் இளம் பருவத்தில், எலியையோ மனிதனையோ கடிக்கும். தாயுண்ணியின் கிருமி முட்டை வழியே சேய்க்கும் செல்லும். ஆகவே எலியை ஒழித்தால் மட்டும் போதாது. அதன் இருப்பிடமாகிய புதரையும் அகற்ற வேண்டும்.

நோயை அறிந்தாயிற்று, மருந்து எங்கே? இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம், பர்மாக் காடுகளில் இக்காய்ச்சல் படைவீரர்களை வாட்டியது. போருக்குப் பின், 1948-இல், ஜோசப் ஸ்மேடல் தலைமையில் வந்த அமெரிக்கக் குழு, லூத்வெய்ட், சாவூர் ஆகியோருடன் சேர்ந்து கோலாலம்பூரில் குளோராம்பெனிக்கால் மருந்தைச் சோதித்தது. வாரக்கணக்கில் நீடித்த காய்ச்சல் ஓரிரு நாளில் தணிந்தது. புதர் டைபஸ் என்று எண்ணி மருந்து பெற்ற சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு, அவர்களும் குணமடைந்தனர். டைபாய்டுக்கும் மருந்துண்டு என்பது இவ்வாறு வெளிப்பட்டது. குளோராம்பெனிக்கால் அரிதாக எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும் என்பது பின்னர்த் தெரிந்ததால், டாக்சிசைக்ளின் அதன் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் 1970-களில் லைம் என்னும் ஊரின் பெயரால் அறியப்பட்ட உண்ணி நோய்க்கும் இம்மருந்தே பயன்படுகிறது. இரண்டின் கிருமிகளும் வேறு. எனினும் கடித்த இடத்தைத் தேடிப் பார், காலந்தாழ்த்தாதே என்னும் பாடம் ஒன்றே.

மருந்து கிடைத்தபின்னும் நோய் மறையவில்லை. ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை பரவியபோது, உண்ணிக்கு ஏற்ற நிலமும் பரவியது. பகாங்கில் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்ந்த 1,629 பேரை ஆராய்ந்து 1984-இல் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் புதர் டைபஸ் என்றது. தமிழகத்திலும் இந்நோய் இன்று மருத்துவர் கவனத்துக்கு வந்துள்ளது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்தி, 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசிவழி செலுத்துவது, ஒன்றை மட்டும் தருவதினும் நலம் எனக் காட்டியது.

காப்பு முறைகளோ எளியவை. புல்லில் உட்காராமை, நீண்ட உடை அணிதல், பூச்சி விரட்டி பூசுதல், வேலை முடிந்ததும் தேய்த்துக் குளித்து உடை மாற்றுதல், வீட்டைச் சுற்றிப் புதர் மண்டவிடாமை. கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், அக்குள், இடுப்பு, தொடைச் சந்து ஆகிய மறைவிடங்களில், சுருட்டுச் சூடுபோன்ற கருவடு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அது வலிக்காது, ஆதலால் நோயாளியே அறியார். வடு இல்லாவிடினும் நோய் இல்லையென்று கொள்ளலாகாது. புதரில் உழைத்ததை மருத்துவரிடம் சொல்லல் வேண்டும். தொடக்கத்தில் மருந்துண்டவர் விரைவில் தேறுவர். பிந்தியவர்க்கு நுரையீரல், மூளை முதலியன தாக்கப்படும். தேறியவரையும் மீண்டும் உண்ணி கடித்தால் நோய் மீண்டும் பற்றலாம்.

பிளெச்சர், லூத்வெய்ட் பெயர்கள் மருத்துவ நூல்களில் நிற்கின்றன. குருதி தந்த தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்கள் காய்ச்சலில் கிடந்து உலகுக்குத் தந்த அறிவு, லாலான் ஓரத்தில் இன்றும் உழைப்போரின் வீடுவரை சென்று சேர்வதே அவர்களுக்குச் செய்யும் கைம்மாறு.