நெய்வோர், நான்கெழுத்து

இடமிருந்து வலம்: நெய்வோர் (4). குறுக்கெழுத்துக் கட்டத்தில் இப்படியொரு குறிப்பு வந்தால் நாம் எதை எழுதுவோம்? காருகர் எனலாம், சாலியர் எனலாம், சேணியர் என்பதும் பொருந்தும். மூன்றும் நான்கெழுத்து, மூன்றின் ஈறும் ரகர மெய். பின்னிரண்டில் மூன்றாம் கட்டமும் ஒன்றே. மேலிருந்து கீழாக ஒரு சொல் வந்து கைகொடுத்தாலன்றி விடையைத் துணிய இயலாது.

இந்தத் தடுமாற்றமே ஒரு காலத்தில் வணிகமாக இருந்தது. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் அமைத்த புதிர், 1930களில் ஆனந்த விகடனின் பரிசுப் போட்டியாகத் தமிழில் பெருகியது. ஒரு கட்டத்துக்கு இரு சொற்கள் பொருந்தும்போது பரிசு யாருக்கு என்பதை அறிவு முடிவு செய்கிறதா, அதிர்ஷ்டமா? 1955இன் பரிசுப் போட்டிகள் சட்டம், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுகளைத் தடுத்தது. 1957இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் சூதின் தன்மையுள்ள போட்டிகளுக்கு உரியதாகக் கொண்டு நிலைநிறுத்தியது.

நம் முன்னோரிடமும் குறிப்பும் விடையுமாக அமைந்த நூல்கள் இருந்தன. அவை நிகண்டுகள். சேந்தன் திவாகரத்தின் இரண்டாம் தொகுதி மக்கட்பெயர்த் தொகுதி. தொழிலாலும் குலத்தாலும் குணத்தாலும் மாந்தர்க்கு வழங்கிய பெயர்களின் திரட்டு அது. சமணரான மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டோ விருத்தத்தில் அமைந்து, திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடமாக ஓதப்பட்டது. ஒருசொற் பல்பொருளை அவர் எதுகை வரிசையில் அடுக்கினார். இரண்டாம் எழுத்து தெரிந்தால் சொல்லைத் தேடலாம். கட்டம் நிரப்புவோர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்! (வெம்பாக்கத்தை அடுத்த கரந்தையிலும் திருப்பணமூரிலும் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர்.)

ஆயினும் நிகண்டு அருகருகே நிறுத்தும் பெயர்கள் ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல என்பதே நம் துணிபு. புகார் நகரைச் சொல்லுமிடத்துச் சிலம்பு காட்டும் காருகர், வடமொழியில் கைவினைஞரைச் சுட்டும் சொல்லின் வழிவந்தவர். அது வினையால் வந்த பெயர். சேணியர் என்பதைச் 'சிரேணி' என்னும் தொழிற்குழுச் சொல்லோடு இணைப்பர். அது கூட்டத்தால் வந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'சாலிய நகரத்தார்' எனப்படுவோர் வணிகக் குழுவினர்; நெய்ததோடு அமையாமல் விற்றவர்கள்.

கைக்கோளர் கதை இன்னும் வியப்பானது. 'சிங்களாந்தகத் தெரிந்த கைக்கோளர்' எனச் சோழர் கல்வெட்டில் வருவது தறிக்கூடமன்று, படைப்பிரிவு. கையையும் தறிக்கோலையும் கூட்டி இப்பெயருக்குப் பொருள் சொல்வாருண்டு. லகரமா ளகரமா என்னுமிடத்தில் அவ்விளக்கம் இடறுகிறது. கல்வெட்டில் நிற்பது ளகரமே. வலிய கையினர் என்று கொள்வோரும் உளர். அம்மரபினர் செங்குந்தர் என்று தம்மை அழைத்துக்கொள்வதில் உள்ள குந்தம், ஈட்டி. ஒட்டக்கூத்தர் அம்மரபினர், அவர் பாடியதாக வழங்கும் நூலின் பெயரே 'ஈட்டியெழுபது'. 'நெய்வோர் (5)' என்று குறிப்பெழுதிக் கைக்கோளரை விடையாக்கினால், வேலும் படையும் கட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன. பிறப்பையும் தொழிலையும் ஒன்றெனக் கொள்ளும் பிழையும் உள்ளே வந்துவிடுகிறது.

அதே ஐந்து கட்டத்தில் அடங்கும் 'நெசவாளர்' நமக்கு உவப்பானது. அது எக்குலத்தார்க்கும் உரியது. தறியில் அமர்ந்தவர் எவரும் நெசவாளரே. ஆரணிப் பட்டு நெய்யப்படும் இப்பக்கத்து ஊர்களில் பேச்சுவழக்கில் அதுவும் தறிக்காரர் என்றாகிவிடும்.

பட்டிழை சுற்றும் பெண்டிர்க்கு என்ன பெயர்? நூற்கும் பெண்ணைப் புறநானூறு 'பருத்திப் பெண்டு' என்கிறது. எட்டுக் கட்டம் வேண்டும். பட்டுக்குப் பொருந்தவும் பொருந்தாது.