கியர் இறங்க மறுத்த கார்கள்

பழைய ஹாலிவுட் படங்களில் படகு மாதிரி நீளமாக, பின்னால் மீன் வால் வைத்த கார்கள் மிதந்து வருமே, கவனித்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றுக்கு கிளட்ச் பெடலே கிடையாது. ஆட்டோமேட்டிக் கியர். ஓட்டுபவர் பாட்டுக்கு ஒரு கையில் சிகரெட், இன்னொரு கையில் ஸ்டீயரிங் என்று போய்க்கொண்டிருப்பார். பார்க்க சொகுசுதான். ஆனால் அந்த வண்டிகளுக்கு ஒரு வியாதி இருந்தது. கியர் ஏறும்போது வெண்ணெய் மாதிரி ஏறும். இறங்கு என்றால் மட்டும் யோசிக்கும். அந்த வியாதிக்கு அமெரிக்காவின் கராஜ்களில் எப்படியெல்லாம் வைத்தியம் பார்த்தார்கள் என்பதுதான் இன்றைக்கு விஷயம்.

(பி.காம் படிக்கிறவனுக்கு கியர்பாக்ஸில் என்னடா வேலை என்று கேட்கப் போகும் வகுப்புத் தோழர்களே, கொஞ்சம் பொறுங்கள். இதில் ஆயிலும் பல்சக்கரமும் எவ்வளவு இருக்கிறதோ, அதே அளவு மார்க்கெட்டிங்கும் இருக்கிறது.)

முதலில் கியரை எதற்கு இறக்க வேண்டும்? முன்னால் போகும் லாரியை முந்த, மேடு ஏற, அப்புறம் மலையிலிருந்து இறங்க. முதல் இரண்டில் சரியான கியர் கிடைக்காவிட்டால் எரிச்சல்தான் மிச்சம். மூன்றாவதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்து கார்களில் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி, கொஞ்ச நேரத்தில் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. அதனால் கியரைக் குறைத்து, எஞ்சினின் இழுவையாலேயே வண்டியை அடக்க வேண்டும். கையால் கியர் போடுகிறவர் யோசிக்காமல் இதைச் செய்துவிடுவார். ஆட்டோமேட்டிக்கில் யாரிடம் போய்க் கேட்பது?

ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் கொடுத்த ஹைட்ரா-மேட்டிக்தான் பெரிய அளவில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக். இதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஏர்ல் தாம்ப்சன். கியர் மாற்றும்போது வரும் கரகர சத்தத்தை ஒழித்த சின்க்ரோமெஷ்ஷும் (1929 மாடல் காடிலாக்) இவர் வேலைதான். ஹைட்ரா-மேட்டிக்குக்கு முதலில் வைத்த கூடுதல் விலை 57 டாலர். போர் வந்ததும் அதே கியர்பாக்ஸை எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளில் மாட்டினார்கள். போர் முடிந்ததும் அதையே விளம்பரத்தில் சொல்லி விற்றார்கள். போட்டிக் கம்பெனியான ஃபோர்டே தன் லிங்கன் கார்களுக்கு ஜி.எம்.மிடம் இதை வாங்கிப் போட்டது. இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் லைசென்ஸ் வாங்கித் தானே தயாரித்தது. இதைவிட ஒரு சர்டிபிகேட் வேண்டுமா?

இருந்தும் இறக்கத்தில் அது படுத்தியது. நான்கு கியர். விகிதங்கள் 3.82, 2.63, 1.45, 1.00. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் என்று பாருங்கள். முதலில் வந்த வண்டிகளில் டிரைவர் கையில் இருந்தது 'ஹை', 'லோ' என்ற இரண்டே நிலைகள். ஹையில் வைத்தால் நான்கு கியரும் அதன் இஷ்டத்துக்கு மாறும். லோவில் வைத்தால் முதல் இரண்டு மட்டும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினால் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும், உண்மைதான். ஆனால் மலை இறங்கும்போது யார் ஆக்சிலரேட்டரை அழுத்துவார்கள்? அப்போது கிடைப்பது நான்காவது, இல்லாவிட்டால் உறுமிக்கொண்டு வரும் இரண்டாவது. இறக்கத்துக்குப் பொருத்தமான மூன்றாவதை டிரைவர் கேட்டு வாங்க வழியே இல்லை.

1952-ல்தான் கம்பெனிக்கு மனம் இறங்கியது. 'டூயல் ரேஞ்ச்' என்ற பெயரில் மூன்றாவது கியரிலேயே நிறுத்தி வைக்க ஒரு நிலை வந்தது. அடிப்படைக் கணக்கு மாறவில்லை, டிரைவர் பேச்சுக்குக் கொஞ்சம் காது கொடுத்தார்கள், அவ்வளவே. அதற்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

ஜி.எம்.மின் மற்ற பிராண்டுகள் இன்னும் வேடிக்கை. 1948 மாடல் பியூக்கில் வந்த டைனாஃப்ளோவில், டிரைவ் நிலையில் கியர் மாற்றமே கிடையாது! எல்லா வேலையையும் டார்க் கன்வெர்டருக்குள் சுழலும் எண்ணெய் பார்த்துக்கொள்ளும். கியர் மாறினால்தானே குலுங்கும்? மாறாமலே இருந்துவிட்டால்? பட்டு மாதிரி போனது, ஆனால் நகர நேரம் எடுத்தது. சகதியில் ஓட்டுவது போல இருக்கிறது என்று 'டைனாஸ்லஷ்' எனப் பட்டப்பெயர் வைத்தார்கள். 1950-ல் செவர்லேயில் வந்த பவர்கிளைட்டும் அதே ஜாதி. கிளம்புவதே மேல் கியரில்தான். சுறுசுறுப்பு வேண்டுமென்றவர்கள் லீவரை லோவில் போட்டுக் கிளம்பி, நடுவழியில் டிரைவுக்குத் தள்ளினார்கள். அப்படி ஓட்டுவதற்காக அதை வடிவமைக்கவில்லை, சீக்கிரம் தேய்ந்தது. கடைசியில் 1953-ல் லோவில் தானே கிளம்பி, அழுத்தினால் தானே லோவுக்கு இறங்கும்படி மாற்றினார்கள். வாடிக்கையாளர் தப்பாக ஓட்டி ஓட்டியே கம்பெனியைத் திருத்தினார் என்று சொல்லலாம்.

அதே 1953, ஆகஸ்ட் 12. மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ரா-மேட்டிக் தொழிற்சாலை தீயில் எரிந்து போனது. பல பிராண்டுகள் நம்பியிருந்த ஒரே இடம். (ஒரே சப்ளையரை நம்பாதே என்று எங்கள் வகுப்பில் சொல்லித்தருவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.) காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபிலும் பியூக்கின் டைனாஃப்ளோவைக் கடன் வாங்கின. பான்டியாக் பவர்கிளைட்டை எடுத்துக்கொண்டது. போர்க்காலத்தில் பி-24 குண்டுவீச்சு விமானங்கள் செய்த வில்லோ ரன் ஆலைக்கு இடம் மாறி, சில வாரங்களிலேயே உற்பத்தியைத் திரும்பத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் காடிலாக் வாங்கியவருக்கு நான்கு கியருக்குப் பதில் கியரே மாறாத பெட்டி வந்து சேர்ந்தது.

சரி, இப்போது உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். அப்போதுதான் வைத்தியம் புரியும்.

கியர்பாக்ஸின் மூளை 'வால்வ் பாடி' என்ற உலோகத் தட்டு. புற்று மாதிரி உள்ளே பாதைகள், அவற்றில் முன்னும் பின்னும் நகரும் சின்னச் சின்ன வால்வுகள். ஒவ்வொரு வால்வையும் இரண்டு பேர் எதிரெதிராகத் தள்ளுகிறார்கள். ஒரு பக்கம் கவர்னரிலிருந்து வரும் எண்ணெய் அழுத்தம். வண்டி வேகம் கூடக் கூட இது கூடும், 'மேலே ஏறு' என்று தள்ளும். மறுபக்கம் ஆக்சிலரேட்டரோடு இணைந்த அழுத்தமும் ஒரு ஸ்பிரிங்கும். இவை 'கீழேயே இரு' என்று தள்ளும். ஜெயித்தவர் சொன்ன கியர். எலக்ட்ரானிக்ஸ் துளிகூட இல்லாமல் எண்ணெயை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை.

ஆனால் ஒரே வேகத்தில் ஏறவும் இறங்கவும் விட்டால், அந்த வேகத்தில் போகும்போது கியர் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் ஏறும் வேகத்தைவிட இறங்கும் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்தார்கள். முதல் தயக்கம் இங்கே. இரண்டாவது, கிளட்ச்சுக்குப் போகும் எண்ணெய் சின்னத் துளை வழியாக மெதுவாகப் போகும், வழியில் ஒரு ஸ்பிரிங் வைத்த பிஸ்டன் அதன் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். பயணிக்கு உதறல் தெரியக்கூடாது அல்லவா. அந்த மென்மைக்கான விலையைக் கிளட்ச் கொடுக்கிறது. முழுதாகப் பிடிக்கும்வரை அது வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் தேய்மானம்.

இங்கேதான் என் வாதம். இந்த மந்தத்தில் பெரும்பகுதி தெரியாமல் வந்ததில்லை. ஷோரூமிலிருந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்குக் குலுக்கல் தெரியும். கிளட்ச் தேய்வது தெரியாது, மலை இறக்கமும் அந்தத் தெருவில் இருக்காது. விற்பனைக்கு எது தெரியுமோ அதற்காகத் துளையைச் சிறிதாக்கினார்கள்.

அந்தத் துளையைத்தான் கராஜ்காரர்கள் பெரிதாக்கினார்கள். நிஜமாகவே, ட்ரில் பிட் வைத்து! வால்வ் பாடிக்கு நடுவில் இருக்கும் மெல்லிய தகட்டில் குறிப்பிட்ட துளையை மட்டும் அகலப்படுத்துவது, அழுத்தம் கூடும்படி ஸ்பிரிங்கை மாற்றுவது, உறிஞ்சும் பிஸ்டனை அடைப்பது, கவர்னர் எடையைக் குறைத்து அதிக வேகத்திலும் கியர் இறங்கச் செய்வது... இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு டப்பாவில் போட்டு விற்றதுதான் 'ஷிஃப்ட் கிட்'. கலிபோர்னியாவின் கில் யங்கர் தொடங்கிய ட்ரான்ஸ்கோ கம்பெனியின் வணிகப் பெயர் அது. பிறகு எல்லார் கிட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது, நம் ஊரில் எந்த நகல் எடுத்தாலும் 'ஜெராக்ஸ்' ஆன மாதிரி.

அதற்கும் முன்னால், 1953-ல் கலிபோர்னியாவிலேயே தொடங்கிய பி அண்ட் எம், பந்தயக்காரர்களுக்காக ஹைட்ரா-மேட்டிக்கைத் திருத்தி, டிரைவர் லீவரை அசைத்தால் மட்டும் மாறும்படி செய்து விற்றது. சொகுசுக் காருக்காகப் பிறந்த பெட்டி நேர்க்கோட்டுப் பந்தயத்துக்குப் போனது. 3.82 என்ற அந்த முதல் கியர் கிளம்புவதற்கு அவ்வளவு பொருத்தம்.

எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம் ஒரு டப்பா எண்ணெய். ஜி.எம். சொன்ன எண்ணெயில் கிளட்ச் பதமாகப் பிடிப்பதற்கென்று ஒரு சேர்மானம் உண்டு. 1970களின் தொடக்கம் வரை அந்தச் சேர்மானத்துக்கு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் பயன்பட்டது! அழியும் உயிரினம் என்று அமெரிக்கா தடை போட்ட பிறகுதான் மாற்று தேடினார்கள். ஃபோர்டின் 'டைப் எஃப்' எண்ணெயில் அந்தப் பதச் சேர்மானம் கிடையாது. அதை ஜி.எம். பெட்டியில் ஊற்றினால் கிளட்ச் வழுக்காமல் சட்டென்று பிடிக்கும். எதையும் பிரிக்காமல் செய்யக்கூடிய மாற்றம். கம்பெனி ஒப்புக்கொள்ளாது, ஆனால் ஊரெல்லாம் ஊற்றினார்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. கியர் இறங்கும்போது ஒரு கிளட்ச் விட வேண்டும், இன்னொன்று பிடிக்க வேண்டும். முன்னது தாமதித்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பின்னது தாமதித்தால் நடுவில் எஞ்சின் அலறும். அதனால் துளையை அளவு தெரியாமல் குடைந்தவர்கள் பெட்டியையே உடைத்தார்கள். முழுக்க லீவரின் கட்டளைக்கு மாற்றிய பெட்டிகளில் இன்னொரு சிக்கல். பல ஆலைப் பெட்டிகள், வேகத்தில் போகும்போது லோ கேட்டால் வேகம் குறையும்வரை கொடுக்காது. அது காவல். அந்தக் காவலை எடுத்துவிட்டு ஈரச் சாலையில் லோவுக்கு இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

ஆலையிலிருந்து வந்த லீவரும் யோக்கியம் இல்லை. பல ஜி.எம். கார்களில் வரிசை இப்படி இருந்தது: பார்க், நியூட்ரல், டிரைவ், லோ, ரிவர்ஸ். லோவுக்கு அடுத்த வீடு ரிவர்ஸ்! பனியிலோ சேற்றிலோ மாட்டிய வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க வசதி என்று காரணம் சொன்னார்கள். ஆனால் லோ வேண்டி இழுத்த கை ஒரு படி தாண்டினால் ரிவர்ஸ். 1965-ல் ரால்ஃப் நாடர் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகம் இந்த வரிசையைப் போட்டு வாங்கியது. 1968 முதல் அமலான மத்திய அரசின் பாதுகாப்பு விதி, முன்னோக்கிய நிலைகளுக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும் என்றது. இன்று உலகம் முழுக்க லீவரில் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று இருக்கும் வரிசை அதில் நிலைத்ததுதான்.

இன்று இந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்குள் ஒரு சண்டை ஓடுகிறது. ஆலையிலிருந்து வந்தபடியே வைத்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. சாலையில் ஓட்டத்தானே கார் என்று மறு கட்சி. பெயின்ட்டை மாற்றினால் கண்காட்சி நடுவருக்குத் தெரிந்துவிடும், வால்வ் பாடித் தகட்டில் துளை எத்தனை மில்லிமீட்டர் என்பதை எந்த நடுவரும் கழற்றிப் பார்க்கப் போவதில்லை. நான் இரண்டாவது கட்சி. மலைப்பாதையில் மூன்றாவது கியர் கேட்டால் கிடைக்க வேண்டும்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஆள் பவர்கிளைட்தான். செவர்லே 1973-ல் அதை நிறுத்திவிட்டது. இரண்டே கியர், சோம்பேறி என்று கிண்டல் வாங்கிய பெட்டி. ஆனால் எடை குறைவு, உறுதி, பந்தயம் முழுக்க ஒரே ஒரு முறை மாற்றினால் போதும் என்பதால் அமெரிக்க நேர்க்கோட்டுப் பந்தயங்களில் இன்றைக்கும் அதே வடிவத்தில் புதிதாகப் பெட்டிகள் செய்து விற்கிறார்கள். அங்கே கியரை இறக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வருவதில்லை :)