இரண்டு கொழுப்பு, இரண்டு வழக்கு

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்.டி.எல்., எச்.டி.எல். என்று இரண்டு வரிகள் வருகின்றன. முதலாவது கூடினால் ஆபத்து, இரண்டாவது கூடினால் காப்பு என்றே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் முதல் கூற்றுக்கு உள்ள ஆதார பலம் இரண்டாவதற்கு இல்லை. 1913-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கொலாய் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்குக் கொடுத்து, தமனிச் சுவரில் கொழுப்பு படிவதைக் காட்டினார். புல் தின்னும் பிராணியை வைத்து மனிதனுக்கு முடிவு கட்டலாமா என்று கேட்டார்கள். நாய்க்கும் எலிக்கும் எளிதில் அப்படி நேராததால், கேள்வியில் நியாயம் இருந்தது.

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் தானாகக் கரையாது. புரதம் போர்த்த நுண்துகள்களில் ஏறித்தான் உடலைச் சுற்றி வரும்; அவற்றில் அடர்த்தி குறைந்த வகை எல்.டி.எல்., அடர்த்தி கூடிய வகை எச்.டி.எல். அந்தத் துகள்களைப் பிரித்துப் பார்த்தவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த ஜான் காஃப்மன். சீரத்தில் உப்பைச் சேர்த்து அடர்த்தியைக் கூட்டி, நிமிடத்துக்கு 50,000 சுற்றுக்கு மேல் சுழலவிட்டார். துகள்கள் அடியில் படியாமல் மேலே மிதந்தன; லேசானவை முந்தின. மொத்தக் கொலஸ்ட்ராலைவிட அது எந்தத் துகளில் போகிறது என்பதே முக்கியம் என்று 1950-ல் எழுதினார். மாசசூசெட்ஸின் ஃபிராமிங்காமில் 1948 முதல் 5,209 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, எச்.டி.எல். கூடியவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1977-ல் சொன்னது. ‘நல்ல கொழுப்பு’ என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் வலுப்பெற்றது.

எல்.டி.எல். வழக்கு அதற்குள் வேறு திசையிலும் வளர்ந்திருந்தது. ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ உள்வாங்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வருவது ஏன் என்பதை டாலஸில் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் விளக்கி, 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். 1994-ல் ஸ்காண்டிநேவியாவில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த சோதனையில், போலி மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள். எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தை எடுத்தவர்களில் 182 பேர். பணம் கொடுத்தது மருந்து கம்பெனிதானே என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தக் குழந்தைகளின் மரபணுவை எந்தக் கம்பெனியும் எழுதவில்லை. பிறவியிலேயே எல்.டி.எல். குறைந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு இதய நோய் மிக அரிது என்று 2006-ல் வந்த ஆய்வும் அதே பக்கம்தான் நிற்கிறது.

அதே 2006-ன் கடைசியில் எச்.டி.எல். வழக்கு சறுக்கியது. டார்செட்ரபிப் என்ற மருந்து எச்.டி.எல்.-ஐ 70 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. ஆனால் அதை எடுத்தவர்களிடையே மரணம் கூடியதால், சுமார் 15,000 பேரிடம் நடந்த சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அப்படியானால் ஃபிராமிங்காம் கணக்கு தப்பா? இல்லை. புகைபிடிப்பவர்களிடமும் தொப்பை, சர்க்கரை உள்ளவர்களிடமும் எச்.டி.எல். குறைவாகவே இருக்கும், குறைந்த எச்.டி.எல். அந்தக் கேடுகளின் அடையாளம். அடையாளத்தை மட்டும் திருத்தினால் கேடு போய்விடாது. எச்.டி.எல். நன்றாக இருக்கிறதே என்ற தெம்பில், ஏறிப்போன எல்.டி.எல்.-ஐ விட்டுவிடுபவர்கள் இதை அவசியம் அறிய வேண்டும். மரபணுவால் எச்.டி.எல். மட்டும் கூடியவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012-ல் தெரியவந்தது.