குடல் அழற்சி நோய்: உணவைச் சுருக்குவதில் உள்ள ஆபத்து

குடல் அழற்சி நோய் உறுதியானதும் பலரும் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி, இனி எதைச் சாப்பிடலாம் என்பதே. விடை கிடைப்பதற்கு முன்பே காரம், பால், கீரை, பருப்பு, கோதுமை என ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலகத் தொடங்கிவிடும். சில மாதங்களில் ரசம் சாதம், இட்லி, ரொட்டி என்ற அளவில் உணவு சுருங்கி நிற்கிறது. நோயால் ஏற்கெனவே நலிந்த உடலை இந்தச் சுருக்கம் மேலும் நலிவடையச் செய்கிறது.

ஐபிடி எனப்படும் இந்நோயில் இரு முக்கிய வகைகள் உள்ளன. அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்பது பெருங்குடல், மலக்குடல் ஆகியவற்றின் உட்சுவரில் புண்களை உண்டாக்குகிறது. 1932-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் பர்ரில் கிரோன் தம் சகாக்களுடன் விவரித்ததால் அவர் பெயரைப் பெற்ற கிரோன் நோய், வாய் முதல் ஆசனவாய் வரை எப்பகுதியையும் தாக்கக்கூடியது. ஐபிஎஸ் எனப்படும் குடல் கோளாறு முற்றிலும் வேறு. அதில் குடல் புண்ணாவதில்லை. எழுத்து ஒற்றுமையால் ஒன்றுக்கான உணவு முறையை மற்றொன்றுக்குப் பின்பற்றுவோர் உள்ளனர்.

இந்தியாவில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. குடல் காசநோயும் கிரோன் நோயும் அறிகுறிகளில் மட்டுமன்றி, கொலோனோஸ்கோப்பி பரிசோதனையிலும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். ஆகவே, வயிற்றுவலியையும் எடைக் குறைவையும் பத்தியத்தால் சரிசெய்துவிடலாம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவது இங்கு இருமடங்கு ஆபத்தானது.

நோய் தீவிரமாக உள்ள காலத்துக்கும் தணிந்துள்ள காலத்துக்கும் ஒரே உணவு பொருந்தாது. தீவிர நிலையில் குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், நன்கு வெந்த பாசிப்பருப்பு, முட்டை, மீன், தோல் நீக்கி வேகவைத்த காய்கள் ஆகியவற்றைச் சிறிய அளவில் பல வேளைகளாக உண்பது பலருக்கு எளிதாக இருக்கும். எண்ணெய்ப் பலகாரங்களும் பச்சைக் காய்களும் அப்போது தொல்லை தரலாம். வயிற்றுப்போக்கில் நீருடன் உப்பும் வெளியேறுவதால், வெறும் தண்ணீரைவிட உப்பு-சர்க்கரைக் கரைசல் பயன் தரும். அழற்சி காலத்தில் உடலுக்குப் புரதம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. வெறும் கஞ்சி அதைத் தராது.

நோய் தணிந்த பிறகு விலக்கிய உணவுகளை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்க்க வேண்டும். பல வீடுகளில் விடுபட்டுப்போவது இந்தப் படிதான். தணிந்த நிலையில் நார்ச்சத்தைக் கண்டு அஞ்ச வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. குடல் சுருங்கிக் குறுகிய நோயாளிகளே விதிவிலக்கு. வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் தோல், மக்காச்சோளம் போன்றவை அவர்களுக்கு அடைப்பை ஏற்படுத்தலாம். வாழைத்தண்டு வயிற்றுக்கு நல்லது என்ற வீட்டு அறிவுரை இங்கு எதிராகத் திரும்புகிறது.

பாலின் மீதான பழியும் அளவுக்கு மீறியது. இந்தியர்களில் பலருக்கு வளர்ந்த பின் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. இது குடல் அழற்சி இல்லாதவர்களுக்கும் பொருந்தும். பால் ஒத்துக்கொள்பவர்கள் அதை விட வேண்டியதில்லை. ஒத்துக்கொள்ளாதவர்களில் பலர் தயிரைத் தாங்குகின்றனர். ஸ்டீராய்டு மருந்து எலும்பைத் தேய்க்கக்கூடியது என்பதால், அதை உட்கொள்ளும் காலத்தில் மாற்று ஏற்பாடின்றிப் பாலையும் தயிரையும் நிறுத்துவது எலும்புக்கு இரட்டைச் சுமை.

இரத்தக் கசிவால் இரும்புச்சத்து குறைவது பரவலானது. சிறுகுடலின் கடைப்பகுதி அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்டால் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது தடைபடும். சல்ஃபாசலசின் மருந்து ஃபோலிக் அமிலத்தைக் குறைக்கும். இவற்றை ஊகத்தில் அல்ல, இரத்தப் பரிசோதனையில்தான் அறிய முடியும்.

உணவே சிகிச்சையாகும் இடமும் ஒன்று உண்டு. கிரோன் நோய் உள்ள குழந்தைகளுக்கு, வழக்கமான உணவை நிறுத்தி, மருத்துவ ஊட்டத் திரவத்தை மட்டும் 6 முதல் 8 வாரங்கள் கொடுக்கும் முறை, ஸ்டீராய்டைத் தவிர்க்க உதவும் முதல்நிலை சிகிச்சையாகவே ஏற்கப்பட்டுள்ளது. வளர்ச்சியைக் கெடுக்காதது அதன் சிறப்பு. அல்சரேட்டிவ் கோலைடிஸுக்கு இது அவ்வாறு பயன்படுவதில்லை. கடையில் விற்கும் ஊட்டச்சத்து மாவைக் கரைத்து வீட்டில் செய்து பார்க்கும் சோதனையும் அல்ல.

இந்தியா உள்ளிட்ட 21 நாடுகளில் 1.16 லட்சம் பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு, அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவை மிகுதியாக உண்போரிடையே இந்நோய் கூடுதலாக ஏற்பட்டதைக் காட்டியது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. ஆயினும் தட்டிலிருந்து எதையேனும் எடுத்தே தீர வேண்டும் என்றால், பருப்புக்கும் கீரைக்கும் முன்பாக எடுக்க வேண்டியது பாக்கெட் நொறுக்குத் தீனியைத்தான்.

உணவு மாற்றத்தால் வலி குறைந்ததும் மருந்தை நிறுத்திவிடுவோரும் உள்ளனர். அறிகுறி அடங்கிய பின்னும் குடலில் அழற்சி தொடரக்கூடும். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். மலத்தில் இரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே குடல்நோய் மருத்துவரை அணுக வேண்டும்.