வாசிப்பது வேறு, விளங்குவது வேறு

வ. புதுப்பட்டியில் ஒரு மாலை நேர வகுப்பு. எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி ஆங்கிலப் பாடத்தின் ஒரு பத்தியைத் தடங்கலே இல்லாமல் வாசித்தாள். முடித்ததும், “இதுல வர்ற பையன் ஏன் அழுறான்?” என்று கேட்டேன். புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அழுறானாக்கா?” என்றாள்.

அவளிடம் எந்தக் குறையும் இல்லை. வினா விடையை மனப்பாடம் செய்து தேர்வில் நல்ல மதிப்பெண்ணே வாங்கிவிடுவாள். எழுத்து அவளுக்குக் கிடைத்துவிட்டது, பொருள்தான் கிடைக்கவில்லை. இதை ஒரு மாணவியின் பிரச்சினையாகவோ ஓர் ஆசிரியரின் பிரச்சினையாகவோ சுருக்கிவிட முடியாது. இதற்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

கட்டளை புரிந்தால் போதுமா?

1894-ல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பொதுப் பள்ளிகளின் கதவு நம் பிள்ளைகளுக்கு மூடியிருந்த காலம் அது. அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டோடு சேர்ந்து இயங்கியதும் இந்தக் காலத்தில்தான். அந்தப் பள்ளிகளின் பங்களிப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதன் எல்லையையும் நாம் பார்க்க வேண்டும். தமிழில் எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்கு, வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்க்கத் தேவையான எளிய பேச்சு ஆங்கிலம். ஏறக்குறைய அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதே திட்டம். துரை சொல்வது புரிய வேண்டும். துரை கையெழுத்திடும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பது புரிய வேண்டியதில்லை. ஆங்கிலம் கொடுக்கப்பட்டது, ஆனால் அளந்து கொடுக்கப்பட்டது.

காகிதத்தைப் படித்தவர்கள்

அந்த அளவை மீறியவர்களால்தான் நம் அரசியல் பிறந்தது. இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தபோது உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் பார்ப்பனர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று மற்ற மாணவர்களோடு பழகவே அஞ்சியதை அவர் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அப்படிப் படித்தவர் 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதனால் சாதி இந்துக்களே அதிகாரத்துக்கு வருவார்கள் என்று பறையர் மகாஜன சபையின் சார்பில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். எதிராளியின் கோரிக்கையை வரிவரியாகப் படித்து, அது யாருக்கு லாபம் என்று புரிந்துகொண்டவரால் மட்டுமே அப்படி ஒரு மனுவை அனுப்ப முடியும்.

1924-ல் சென்னை சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் தாழ்த்தப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு அது அரசிதழிலும் வெளியானது. பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா அதே 1925-ல் ஒடுக்கப்பட்ட இந்துக்கள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார்.

ஆனால் ஊரில் என்ன நிலை? அரசாணை ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல வேண்டிய கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் யார் பக்கம் நின்றார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உரிமை காகிதத்தில் இருந்தது, அதன் பொருள் அடுத்தவர் வாயில் இருந்தது. பட்டா, பத்திரம், வன்கொடுமை வழக்கின் ஆவணங்கள், கல்வி உதவித்தொகைப் படிவம் என்று இன்றும் இது தொடர்வதைக் களத்தில் வேலை செய்யும் தோழர்கள் அறிவார்கள்.

விளங்க வைக்க வழி இருந்தது

‘கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஏறாது’ என்று சொல்பவர்களுக்கு வரலாறே பதில் சொல்கிறது. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் வங்காள மாணவர்களை ஆராய்ந்து 1926-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாடப் புத்தகங்களில் புதுச் சொற்கள் நெருக்கமாகக் குவிந்திருப்பதுதான் வாசிப்புக்குத் தடை என்று அவர் கண்டார். புதுச் சொல்லைக் கொஞ்சமாக அறிமுகப்படுத்தி, அதையே திரும்பத் திரும்ப வரவைத்து எளிய வாசிப்புப் புத்தகங்களை உருவாக்கினார். கோளாறு பிள்ளையின் மூளையில் இல்லை, பக்கத்தின் அமைப்பில் இருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணமும் உண்டு. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியை முதலில் சொல்லிக்கொடுப்பதில்லை. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்ற ஒன்றைக் கொடுத்து, ‘இந்த ரயில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?’ என்பதுபோல் ஆங்கிலத்தில் கேட்பார்கள். முதல் கணக்கை ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து போடுவார்கள். அடுத்ததைப் பிள்ளைகள் தாங்களாகவே போட வேண்டும். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாலும் போதும், பதில் சரியா என்பதுதான் முக்கியம். பேச்சுக்கு முன்னால் புரிதல் வர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசப்படும் இந்த முறை, அது முளைத்த மண்ணில் பொதுப் பாடத்திட்டமாக மாறவில்லை.

2012-13 முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. உத்தரப் பிரதேசத்தின் பங்கா கிராமத்தில் 2010-ல் ஆங்கிலத் தாய்க்குக் கோயில் கட்டக் கால்கோள் இட்டார் சந்திரபான் பிரசாத். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் ஏக்கம் நியாயமானது. ஆனால் புரியாத மொழியில் அறிவியலையும் கணக்கையும் ஒப்பிக்க வைத்தால், ஆங்கிலமும் வராது, அறிவியலும் வராது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பொருள் சொல்ல வீட்டில் ஆள் உண்டு. நம் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு கதி இல்லை.

புதுப்பட்டியின் புத்தகம்

எழுத்தாளர் பாமாவும் அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனும் இந்தப் புதுப்பட்டி மண்ணில் பிறந்தவர்கள். 1992-ல் வந்த ‘கருக்கு’ நம் சேரியின் பேச்சிலேயே எழுதப்பட்டது. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். இன்று அது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பாடம். படிப்புதான் மரியாதையை மீட்டுத் தரும் என்று தங்கைக்கு அண்ணன் சொல்வது அந்த நூலின் முக்கியமான இடம். இந்த ஊரின் வலியை எங்கோ இருக்கும் மாணவர் ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்கிறார். இந்த ஊர்ப் பிள்ளைக்கு அதே பக்கம் வெறும் ஓசை. இதைவிடப் பெரிய அநீதி என்ன இருக்கிறது?

எனவே மாலை வகுப்பு நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வாசி’ என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். யார், எங்கே, ஏன் என்று கேளுங்கள். பதிலைத் தமிழில், நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்ல விடுங்கள். பேருந்து நேரம், மருந்துச் சீட்டு, உதவித்தொகைப் படிவம் என்று கையில் கிடைக்கும் ஆங்கிலத்தைப் பாடமாக்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ‘எத்தனை பேர் தேர்ச்சி?’ என்பதோடு ‘எத்தனை பேருக்குப் புரிகிறது?’ என்றும் கேளுங்கள்.

அந்தப் பெண்ணோடு அதே பத்தியை மறுபடி உட்கார்ந்து படித்தோம். ஐந்து வரிக்கு அரை மணி நேரம் ஆனது. கடைசியில் நிமிர்ந்து, “அவனுக்கு மட்டும் தண்ணி குடுக்கலைக்கா, அதான் அழுறான்” என்றாள்.

அவளுக்கு அது புரியாமல் இருக்குமா?