கலை இலக்கியப் பெருமன்றமும் கரிசல் நாட்டார் வழக்காறும்

தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றம் 1961இல் ப. ஜீவானந்தத்தின் முன்முயற்சியில் உருவான பண்பாட்டு அமைப்பு. கோவில்பட்டியை அடுத்த எட்டயபுரத்தில் அது நடத்திவந்த பாரதி விழா, புலவர் அவையாக முடங்காமல் மக்கள் கூடும் விழாவானது.

ஆனால் மேடைக்கு ஆள் சேர்ப்பதைவிட ஆழமான வேலையைச் செய்தவர், அவ்வமைப்போடு இணைந்து இயங்கிய நா. வானமாமலை. நாற்று நடவு, களையெடுப்பு, தாலாட்டு, ஒப்பாரி என உழைப்போரின் பாடல்களை அவர் இலக்கியமாகவே மதித்தார். அவற்றைத் திரட்டும் பணியைப் பல்கலைக்கழகத்தாரிடம் விடாமல் ஊர்க்காரர்களிடமே ஒப்படைத்தார். விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் ஊர்களில் எஸ். எஸ். போத்தையா தேடிச் சேர்த்த பாடல்கள் வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' (1964) தொகுப்பில் இடம்பெற்றன. பாடல்களோடு சேகரித்தவர் பெயரும் வட்டாரமும் அச்சிடப்பட்டது, அக்காலத்துக்கு அரிய நேர்மை. பாடிய பெண்களின் பெயர்களுக்கு அதே இடம் கிடைக்காதது குறையே.

1967இல் வானமாமலை தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழுவும், 1969 முதல் வெளிவந்த 'ஆராய்ச்சி' இதழும் பட்டப் படிப்பைத் தகுதியாகக் கேட்கவில்லை. எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் (1982) இவ்வகை ஊர்ச் சேகரிப்பிலிருந்தே விளைந்தது.