தாய்ப்பத்திரத்தில் தாய் இல்லை

ராயபுரத்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. தூய இராயப்பர் ஆலயத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கீழே தெருவைப் பார்த்த முன்னறை, கூடம், பின்கட்டு. மேலே ஒற்றை அறை. அதற்கும் மேலே கடற்காற்று நேராக வந்து மோதும் மொட்டைமாடி. அந்த ஒற்றை அறையில் நின்றபோது, மேசையை எந்தச் சன்னலோரம் போடலாம் என்று மனம் அளக்கத் தொடங்கிவிட்டது. தரகர் அதைக் கண்டுகொண்டார்.

“மேடம் கவிதையெல்லாம் எழுதுறீங்களாம். உங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே இந்த ஏரியா மாறிட்டு வருது. குடோன்ல ஓவியக் கண்காட்சி, சுவரெல்லாம் பெயின்ட்டிங், மெட்ரோ வேற வந்துடுச்சு. அஞ்சு வருஷம் போகட்டும், இதுதான் அடுத்த பெசன்ட் நகர்.”

நான் பிறந்தது இங்கேதான். 1880இல் தொடங்கிய ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில், வடசென்னையின் எத்தனையோ பிள்ளைகளைப் போல. வளர்ந்தது தண்டையார்பேட்டையில், வாடகை வீடுகளில். அப்பா துறைமுகத் தொழிலாளி. அம்மா பெயரில் குடும்ப அட்டையைத் தவிர வேறு காகிதம் இருந்ததில்லை. இருபது ஆண்டு விரிவுரையாளர் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையும் வங்கிக் கடனையும் சேர்த்தால் இந்த வீடு எனக்கு எட்டிவிடும். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணின் பெயர் பத்திரத்தில் ஏறுவது அதுவே முதல்முறையாக இருக்கும்.

பத்திர நகல்களை வாங்கிவந்து ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் படித்தேன். பழைய உரைகளைப் படித்துப் பழகியவளுக்குப் பத்திரத் தமிழ் கடினமாக இல்லை. மூல ஆவணத்தை நாம் தாய்ப்பத்திரம் என்கிறோம். இந்த வீட்டின் தாய்ப்பத்திரத்திலும் அதன் வழிவந்த கிரயங்களிலும் விற்றவர், வாங்கியவர், சாட்சி, எழுதியவர் எல்லோரும் ஆண்கள். பெண் கை முதன்முதலில் தென்படுவது 1993இல், ஒரு விடுதலைப் பத்திரத்தில். இரண்டு சகோதரிகள், தங்களுக்குச் சீர் செய்து கல்யாணம் முடித்துவிட்டதால் இனி இந்தச் சொத்தில் பாத்தியதை இல்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் கையெழுத்து, இன்னொருவர் கைநாட்டு. அந்த வீட்டின் வரலாற்றில் பெண்கள் உள்ளே வந்தது, வெளியே போகிறோம் என்று எழுதித்தர மட்டும்.

அந்தச் சகோதரிகள் காலத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. 1937இல் விதவைக்கு வாழ்நாள் உரிமை வந்தது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கைத் தமிழ்நாடு 1989இல் கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமான பெண்களுக்கு இல்லை. 2005இல்தான் நாடு முழுவதற்குமாக அந்தக் கோடு அழிந்தது. என் அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது எழுபதுகளில். சட்டம் ஒவ்வொரு படியாக ஏறிவந்தபோது, அவர் தம் பங்கை எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

இன்று அரசு பெண்களைப் பதிவு அலுவலகத்துக்கு அழைக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. நல்லதுதான். ராயபுரத்தில் 10 லட்சத்துக்கு என்ன கிடைக்கும் என்று தரகரைக் கேட்டேன். சிரித்தார்.

பெண்ணுக்குத் தனி அறை என்றதும் நம் வகுப்பறைகளில் வர்ஜீனியா வுல்ஃப் வந்துவிடுவார். ஆண்டுக்கு 500 பவுண்டும் ஓர் அறையும். அந்த 500 பவுண்டு எங்கிருந்து வந்தது என்பதை நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த அத்தை விட்டுச்சென்ற பணம் என்றே அந்த நூல் சொல்கிறது. காலனியின் பணம் கப்பலேறிப் போய் லண்டனில் ஒரு பெண்ணின் சன்னலைத் திறந்தது. என் அறையின் கணக்கையும் அப்படிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. இந்த ஊரின் விலை ஏறியபோதெல்லாம் அதற்கு யார் கொடுத்தார்கள்?

ராயப்பர் என்றால் பேதுரு. ஊருக்குப் பெயர் தந்த அந்த ஆலயத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படகுத் தொழிலாளர்கள் தம் பணத்தில் எழுப்பினார்கள். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அன்று இதுதான் வளரும் பகுதி. பிறகு சென்ட்ரல் வந்தது, எழும்பூர் வந்தது. பெருமை தெற்கே நகர்ந்தது.

அடுத்து வந்தது துறைமுகச் சுவர். 1870களில் தொடங்கி, 1881 புயலில் உடைந்து, 1890களில் மறுபடி நிமிர்ந்தது. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. தெரு போயிற்று, வீடு போயிற்று. இன்று எண்ணூர் விரைவுச்சாலை ஓரம் கொட்டிக் கிடக்கும் பாறைகள் அந்த இழப்புக்குப் போட்ட ஒட்டு. மெரினாவில் நாம் காலாற நடக்கும் மணலில் வடசென்னையின் பங்கு இருக்கிறது. அதற்கு யாரும் விடுதலைப் பத்திரம்கூட எழுதி வாங்கவில்லை.

எண்ணூருக்கும் ஒரு காலம் இருந்தது. வெள்ளைக்காரர்கள் தோட்ட வீடு கட்டிக்கொண்டு ஓய்வெடுக்கப் போன கழிமுகம் அது. பின்னர் அனல்மின் நிலையங்கள் வந்தன, சாம்பல் வந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றில் இறங்கியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் உடம்பில்தான் இதெல்லாம் முதலில் படிகிறது. வில்லங்கச் சான்றில் இவை வருவதில்லை.

இப்போது கலை வருகிறது என்கிறார்கள். இங்கே கலை எப்போது இல்லாமல் இருந்தது? சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடிய ஊர் இது. ஆண்களின் பாட்டாகவே இருந்த கானாவை எடுத்துப் பாடிய இசைவாணி ராயபுரத்துப் பெண். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2014இல் வந்த ‘மெட்ராஸ்’ படத்தின் கதையே ஒரு சுவரைப் பற்றியது: வியாசர்பாடிக் குடியிருப்பின் சுவரில் யார் படம் இருக்கவேண்டும் என்பதற்கு உயிர்கள் போகின்றன. சுவர் ஓவியம் எங்களுக்குப் புதிதில்லை. அதைக் காட்டி வீட்டு விலை சொல்வதுதான் புதிது.

1964இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர், லண்டனின் உழைப்பாளர் தெருக்களுக்கு நடுத்தர வர்க்கம் குடிவந்து பழையவர்கள் வெளியேறுவதைக் கண்டு, அதற்கு ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயரிட்டார். பின்னர் நியூயார்க்கில் ஷரோன் ஸூக்கின், ஓவியர்கள் குடியேறிய பழைய தொழிற்கூடங்கள் எப்படிப் பணக்கார வீடுகளாயின என்று எழுதினார். இரண்டு பேரும் பெண்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை. யார் வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று தெருவில் முதலில் அறிபவர்கள் பெண்கள்.

நம் ஊரில் வேறு ஒரு முன்மாதிரியும் உண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும், பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் மணற்காட்டை வாங்கிச் சோழமண்டலத்தை உண்டாக்கினார்கள். கலைஞர்களே கூடி வாங்கியதால் அந்தக் கரையில் விலை ஏறியபோதும் நிலைத்தார்கள். அங்கும் அர்னவாஸ், அனிலா ஜேக்கப் என்று பெண்களை விரல்விட்டுத்தான் எண்ணவேண்டும். ஆனாலும் சேர்ந்து வாங்கலாம் என்ற பாடம் அங்கே இருக்கிறது.

ராயபுரம் வீட்டுக்கு வருகிறேன். அதன் முன்னறையில் ஓர் அக்கா வாடகைக்கு இருந்தார். கருவாட்டு வியாபாரம். முப்பது வருடக் குடித்தனம், கையில் ஒப்பந்தக் காகிதம் ஏதும் இல்லை. நான் பார்க்கப் போன அன்று, கூடையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: “நல்லா பாத்துக்க டீச்சரம்மா. மழ வந்தா இந்த மூலையில தண்ணி நிக்கும். அப்பறம் நான் சொல்லலன்னு சொல்லாத.”

வீட்டுக்காரர் காலி செய்து கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அது எளிதுதான். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டம் எழுத்துப்பூர்வமான, பதிவு செய்த ஒப்பந்தத்தைக் கேட்கிறது. வாய்ச்சொல்லில் முப்பது ஆண்டு இருந்தவருக்கு நிற்க இடம் குறைவு.

மூன்று வாரம் தூக்கமில்லை. கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பெண்ணைத் தெருவில் விட்டு எனக்கு எழுதும் அறை எதற்கு என்று தோழிகளிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று இப்போது தெரிகிறது.

இரண்டு மாதத்தில் வீடு வேறொருவருக்குக் கைமாறியது. மறு ஆண்டு காசிமேட்டு மார்க்கெட்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். எர்ணாவூர்ப் பக்கம் போய்விட்டாராம். கருவாடு என்றதும் நாலு வீட்டில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். காலையில் வர ஆட்டோவுக்கே பாதி லாபம் போகிறது.

“நீ ஏன் வாங்கல?” என்று கேட்டார்.

“உங்கள காலி பண்ணச் சொன்னாங்கக்கா. மனசு வரல.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா? நீ வாங்கியிருந்தா வாடகைய உன் கையில குடுத்துட்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். உனக்கு மேல ரூமு, எனக்குக் கீழ ரூமு.”

பதில் இல்லை. அந்த வீட்டின் அத்தனை காகிதங்களையும் படித்தேன். 1929 முதல் 2025 வரை சட்டத்தைப் புரட்டினேன். முன்னறையில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்கவில்லை. உரிமையாளரானால் அந்த அக்காவுக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிப் பதிந்து கொடுக்கும் அதிகாரம் எனக்கு வந்திருக்கும். விலகிக்கொண்டதால் என் கை சுத்தமாயிற்று. அவர் வீடு போயிற்று. விற்பவரும் தரகரும் கேட்காததைப் போலவே, அவரை நானும் வில்லங்கமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வாங்கலாமா வேண்டாமா என்று வடசென்னைப் பெண்கள் சிலர் இன்று என்னைக் கேட்கிறார்கள். வாங்குங்கள் என்கிறேன். வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை அரசு 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் தொடங்கியிருக்கிறது. விலை ஏறத்தான் போகிறது. இங்கே பிறந்தவர்கள் வாங்காவிட்டால் இங்கே பிறக்காதவர்கள் வாங்குவார்கள். தனியாக முடியாவிட்டால் இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்குங்கள். பட்டா பாருங்கள், வில்லங்கச் சான்று பாருங்கள், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறதா என்று பாருங்கள், மழைநாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால் உள்ளே குடியிருப்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நானும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கீழே ஓர் அறை கூடுதலாக இருக்கும் வீடாக.